மே மாதத்தில் பிறந்தவர்கள்

ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வாழ்த்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாழ்த்தெல்லாம் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும், லட்டும் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது என் பணிக்காலத்தில் நானே செய்த ஒரு தப்பைப் பற்றி. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது.

உங்களில் இரண்டு பேர் தமிழ் பேசும் வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று என்னோடு வேலை பார்த்த பிஜு போனில் சொன்னான். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நீங்களே மலையாளத்தில் சொல்லிவிடுங்கள். என் தமிழில் மலையாள வாடை அடிக்கும். எங்கள் குடும்பம் மட்டாஞ்சேரிக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்த வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. போர்ட்டலும் பட்டியலும் உங்கள் விரல் நுனியில் இருக்கும். எங்கள் காலத்தில் ஒரு நாள் எடுத்ததை நீங்கள் சாயா ஆறுவதற்குள் முடித்துவிடுவீர்கள். ஆனால் ஒன்று மட்டும் மாறியிருக்காது. நம் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிப்புகளுக்கு இடம் கிடைப்பதே பெரிய பாடு. அதிலும் துறைக்கு ஒரே ஒரு முழு மெரிட் ஸ்காலர்ஷிப். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும். பட்டியலில் முதல் பெயருக்கு அது கிடைக்கும். இரண்டாவது பெயர் காசு கட்டிச் சேரலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். முதல் பெயருக்கும் இரண்டாவது பெயருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது நாம்தான்.

நோட் ஷீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஃபைலோடு சேர்ந்து போகும் குறிப்புத் தாள். அதில் எழுதியதை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெள்ளை பூசி மறைக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டோம் என்று தோன்றினால் அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு எழுதலாம். மேலே எழுதியதும் கீழே எழுதியதும் ஃபைல் இருக்கும்வரை ஒன்றாகவே கிடக்கும். எனக்கு அந்தத் தாளின் மேல் ஒரு கர்வம் இருந்தது. கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை, எதையும் விடாமல் எழுதிவிடுவேன். "சார் எழுதினால் அது எழுதினதுதான்" என்று செக்‌ஷனில் பேர் வாங்கியிருந்தேன். நம் அலுவலகத்தில் ஆண் பெண் எல்லோரும் சார்தான் என்பது உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால் நடந்தது. அசல் சான்றிதழ் சரிபார்க்கும் நாள். காலையிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பதினொரு மணி இருக்கும், ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் என் மேஜைக்கு வந்தார்கள். பெண்ணின் பெயர் மாரிச்செல்வி. மெலிந்த உடம்பு, நெற்றியில் விபூதி, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். அம்மா இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் கொச்சிக்கு வந்தவர். கணவர் கொத்தனார். இசக்கியம்மாளுக்கு மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்கு கோடவுனில் தரம் பிரிக்கும் வேலை. குடியிருப்பு பள்ளுருத்தி.

கடைத்தெரு மலையாளம் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆபீஸ் மலையாளம் வரவில்லை. "மேடம், பேப்பர் எல்லாம் ஞான்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். மகள் முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்த்தாள்.

"தமிழ்லயே சொல்லுங்க. எனக்கும் வீட்டுல தமிழ்தான்" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். "ஏ ஆத்தே! தமிழாக்கா நீங்க?" என்றார். மேடம் ஒரே மூச்சில் அக்கா ஆகிவிட்டது. "நீங்க பேசுதது மலையாளம் மாரி இழுக்கு. ஆனா தமிழுதான்."

நானும் சிரித்தேன். பெரிய பல்கலைக்கழக அலுவலகத்தில் இரண்டு பேர் தமிழில் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். மாரிச்செல்விக்கு மட்டும் கூச்சம். "மதி, அம்மா" என்று முழங்கையைத் தொட்டாள். போதும் என்று அர்த்தம்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிரித்துப் பிறந்த தேதியைப் பார்த்தேன். மே இரண்டு. அதைக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுவதைப் போல, "மே மாசத்திலயா பொறந்தா? அந்தச் சூட்டில பிரசவம்னா பாடுபட்டிருப்பீங்களே" என்றேன்.

"எங்கக்கா மேயி!" என்று இசக்கியம்மாள் கையை விரித்தார். "கார்த்திகையில பொறந்தவ இவ. சொக்கப்பன கொளுத்துத அன்னைக்கு. பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன், அங்க ஒரே அடமழை. ஆசுபத்திரிக்குப் போவ வண்டி கெடைக்காம வீட்டுலயே பொறந்துட்டா. பொறவு இங்க வந்து நான் சித்தாள் வேலைக்குப் போனேன். பிள்ளைய எங்க விட? மணல் மேட்டுல உக்காத்தி வச்சுட்டுக் கல்லு சொமப்பேன். ஒருநா செங்கல்லு சரிஞ்சு இவ கால்ல விழுந்துட்டு. அதப் பாத்துட்டுத்தான் பக்கத்து இஸ்கூல் ஹெட்மாஸ்டரு, இன்னும் ஒரு வருசம் பிள்ளை இங்கன கெடக்க வேண்டாம், மேயின்னு எழுதிக்கிடுதேன், கொண்டாந்து விடுன்னு சொன்னாவ. புண்ணியவான். அவுக இல்லன்னா இவ எங்க இங்க வந்து நிக்கப் போறா?"

மகளின் இடது பாதத்தில் இன்னும் அந்தத் தழும்பு இருப்பதாகச் சொன்னார். மாரிச்செல்வி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க எந்த மாசம்க்கா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆவணி. ஓணத்துக்குப் பத்து நாள் முன்னாடி, அத்த நட்சத்திரத்தன்னிக்கு" என்றேன்.

"நல்ல நாளு" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்து, "வாரேன்க்கா" என்றார்.

சாப்பாட்டு நேரம் கழிந்தபின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்து இறுதிக் கணக்கு வந்தது. மாரிச்செல்வி கேட்டிருந்த துறையில் முதல் இடத்தில் இரண்டு பேர். மாரிச்செல்வியும், தேவராவிலிருந்து வந்திருந்த இன்னொரு பெண்ணும். தசமப் புள்ளிக்குப் பின்னாலும் ஒரே எண். சமமானால் வயதில் மூத்தவருக்கு என்பது விதி. தேவராப் பெண் அதே வருஷம் ஜூலையில் பிறந்தவள். மே இரண்டில் பிறந்த மாரிச்செல்விக்கு ஸ்காலர்ஷிப். கார்த்திகையில் பிறந்த மாரிச்செல்விக்கு இல்லை.

எதிர் மேஜையில் பிஜு. அப்போது அவன் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, "சாரிண்டெ நாட்டுக்காரிக்குத் தன்னெ!" என்றான். உங்கள் ஊர்க்காரிக்கேதான் அடித்திருக்கிறது என்று கேலி. நான் பிறந்தது மட்டாஞ்சேரி, அந்தப் பெண் வளர்ந்தது பள்ளுருத்தி. பிஜு சொன்ன அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

காலையில் நாங்கள் தமிழில் சிரித்துப் பேசியதை அறையில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நாளைக்கு யாராவது ஒரு புகார் எழுதினால்? உண்மை தெரிந்தும் தன் ஆளுக்காக மறைத்துவிட்டாள் என்று சொன்னால்? அத்தனை வருஷம் சம்பாதித்த பேர் என்ன ஆகும்? நாலு தலைமுறை இருந்தும் கோபம் வரும்போது என்னை "தமிழத்தி" என்று முணுமுணுப்பவர்கள் அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள். அவர்களுடைய வாயில் விழக் கூடாது. அந்த நிமிஷத்தில் என் மனசில் இருந்தது இவ்வளவுதான். அந்தப் பெண் எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

நோட் ஷீட்டை இழுத்து எழுதினேன். மாணவி உண்மையில் கார்த்திகை மாதம் பிறந்தவர் என்றும், பள்ளிச் சேர்க்கைக்காக மே என்று பதியப்பட்டது என்றும் தாயார் வாய்மொழியாகத் தெரிவித்தார், தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது என்று. கீழே என் கையெழுத்து.

எழுதி முடித்ததும் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரு குறிப்பு எழுதியவுடன் உங்களுக்கு அப்படி நிம்மதி வந்தால் சந்தேகப்படுங்கள். யாரைக் காப்பாற்ற எழுதினோம் என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். என் குறிப்பில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, ஆனால் அது முழுக்க என்னைக் காப்பாற்ற எழுதியது.

பிஜு வாங்கிப் படித்தான். முகம் விழுந்துவிட்டது. "சாரே, ஞான் தமாஷ் பறஞ்ஞதல்லே?" என்றான். விளையாட்டுக்குச் சொன்னதற்கா இப்படி எழுதினீர்கள் என்று கேட்டான். நான் ஃபைலைக் கட்டி மேலே அனுப்பினேன்.

எங்கள் உதவிப் பதிவாளர் நிதானமான மனிதர். ஆனால் ஒரு ஃபைலில் 'தக்க நடவடிக்கை' என்று இருந்தால் எந்த அதிகாரியும் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். ஏழு வேலை நாளுக்குள் பிறப்புப் பதிவுச் சான்று கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு, என்று உத்தரவு போட்டார். கடிதம் பள்ளுருத்திக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் மாரிச்செல்வி தனியாக வந்தாள். மலையாளத்தில்தான் பேசினாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் போதாதா சார் என்று கேட்டாள். "மேலேருந்து கேட்டிருக்காங்க" என்றேன். மேலே என்றால் யார்? கீழே உட்கார்ந்து எழுதினவள் நான்தானே? அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்பதை நீங்கள் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். அவள் வாதாடவில்லை. அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், வீட்டுப் பிரசவம் ஆனதால் பதிவு இருக்குமோ என்னவோ தெரியாது என்று மட்டும் சொன்னாள். ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டால் போவதற்கு பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். அடுத்த புதன்கிழமைக்குள் வருகிறாளா இல்லையா என்று கடைக்காரர் கேட்டிருந்தார். அதையும் புகாராகச் சொல்லவில்லை. தாங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதைப் போலச் சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ் தோப்பும்படியில் நின்றதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. காய்கறி வாங்கப் போனவள் பையோடு பஜார் ரோட்டில் நடந்து அந்தக் கோடவுன் வாசலில் போய் நின்றேன். யோசித்துப் போனேன் என்று சொல்ல மாட்டேன். கால் போயிற்று. உள்ளே சுக்குத் தூசி கண்ணைக் கரித்தது. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இசக்கியம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவுக ஊர்லேருந்து வந்துட்டாவ மேடம்" என்றார். "ஒண்ணும் கெடைக்கல. அந்த வருசத்து நோட்டுல இவ பேரே இல்லியாம்."

மேடம் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"நான்தான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம கெடுத்துப்போட்டேன்" என்றார். "பிள்ளை எங்கூடப் பேசவே மாட்டேங்கா. இனிமே எங்கயும் போயி நீ வாயத் தொறக்காதேம்மான்னுட்டா. அவ சொல்லுதது சரிதான. மலையாளத்துல கேட்டிருந்தா எனக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சிருக்காது. நல்லதாப் போயிருக்கும். நீங்க தமிழ்ல கேட்டதும் எனக்கு ஊர்ல அக்காகூடப் பேசுத மாரி ஆயிட்டு."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறவரைப் போலத் தொடர்ந்தார். "ஒங்க மேல ஒண்ணுமில்ல மேடம். நீங்க படிச்ச வீடு. ஆவணின்னு சொன்னீய. ஒங்க ஆபீஸுலயும் ஆவணின்னுதான் எழுதியிருப்பாவ. எங்கள மாரி ஆளுவதான் பிள்ளை பொறந்த தேதியக்கூட மாத்தி எழுதி வச்சுட்டு இப்பிடி வந்து நிக்கோம். வெக்கமாத்தான் இருக்கு."

என் சர்வீஸ் புத்தகத்தில் என் பிறந்த தேதி மே இருபத்தைந்து.

நம் ஊரில் மே முப்பத்தொன்றாம் தேதி அலுவலகம் அலுவலகமாகப் பிரிவு உபசார விழா நடக்கும். ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் வயது நிறைய வேண்டும். ஆவணியில் பிறந்தவளும் கார்த்திகையில் பிறந்தவளும் ஐப்பசியில் பிறந்தவனும் ஹெட்மாஸ்டரின் பேனாவில் மே மாதத்தில் பிறந்துவிடுவார்கள், ஓய்வு பெறுவதும் அந்த மாதக் கடைசியில்தான். என்னையும் என் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அப்படித்தான் சேர்த்தார். அந்த மே மாதத்தை வைத்துத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன், சீனியாரிட்டி வாங்கினேன், பதவி உயர்வு வாங்கினேன். ஒவ்வொரு ஆவணியிலும் அத்தத்தன்று வீட்டில் பாயசம் வைத்துச் சாப்பிட்டேன். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இசக்கியம்மாளின் மகளுடைய மே மாதம் மட்டும் நோட் ஷீட்டில் எழுதும் அளவுக்கு என் கண்ணில் பட்டிருக்கிறது.

அந்த அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நானும் உங்களைப் போலத்தான் என்று ஒரு வார்த்தை. "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வெட்கப்பட வேண்டியவள் நான், வெட்கப்பட்டு நின்றது அவர்.

திங்கட்கிழமை, ஏழு நாள் கெடுவில் ஆறாவது நாள். முதல் வேலையாக விதிப் புத்தகத்தை எடுத்தேன். எனக்குத் தெரிந்த விதிதான். வயதுக்கு ஆதாரம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், வேறு எதுவும் இல்லை. அந்த வரியைத் தெரிந்துவைத்துக்கொண்டேதான் போன வாரம் அந்தக் குறிப்பை எழுதியிருக்கிறேன். ஃபைலை வாங்கி, என் பழைய குறிப்புக்குக் கீழே எழுதினேன். மேற்படி தகவல் சரிபார்ப்பின் பகுதியாகக் கேட்கப்பட்டதல்ல. நான் சொந்த முறையில் விசாரித்தபோது தாயார் சொன்னது. மற்ற மாணவியிடம் இப்படி எதுவும் கேட்கப்படவில்லை. விதிப்படி இதைக் கணக்கில் எடுக்க இடமில்லை. எழுதியது என் தவறு.

உதவிப் பதிவாளர் இரண்டு குறிப்பையும் மாற்றி மாற்றிப் படித்தார். "இதை இப்படியே விட்டால் நாளைக்குக் கெடு முடியும், அடுத்தவருக்குப் போகும், யாரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்று மலையாளத்தில் சொன்னார். "இதை மேலே அனுப்பினால் உங்களுக்கு மெமோ வரும். ஆலோசிச்சோ?"

யோசித்தாயிற்று என்றேன். பிறகு, என்ன துணிச்சலில் கேட்டேனோ, "சார் எந்த மாசத்தில் பிறந்தது?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சர்வீஸ் புக்கிலோ, வீட்டிலோ?" என்றார்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இதோடு கதை நன்றாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தேவராப் பெண்ணின் அப்பா அன்று மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். வாரம் முழுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து விசாரித்துப் போனவர். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தியதில்லை. நானே விஷயத்தைச் சொன்னேன். உங்கள் மகளிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, இரண்டு பேரில் ஒருத்தியிடம் மட்டும் கேட்ட கேள்வியை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றேன்.

என் மகள் ஜூலையில்தான் பிறந்தாள், ஆஸ்பத்திரிச் சான்றும் அதுதான், பள்ளிக்கூடத்தில் கொடுத்ததும் அதுதான் என்று அவர் மலையாளத்தில் சொன்னார். "அப்போ சரியாயிட்டு எழுதியவர் தோற்று, அல்லே சார்?" என்றார். உள்ளதை உள்ளபடி எழுதியவர்கள்தான் தோற்றுப்போனோம், இல்லையா என்று.

விதியைச் சொல்லலாம். பதிவு இருக்கிறபடிதான் எல்லோருக்கும் என்று சொல்லலாம். அது நியாயம்தான். ஆனால் அவர் கேட்டதும் நியாயம்தான். அந்தப் பெண் காசு கட்டிச் சேர்ந்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எப்படிக் கட்டினார்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. இப்படி ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த ஃபைலைப் பிரித்துவிடாதீர்கள். அவர் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருங்கள். அதுவாவது செய்யலாம்.

செவ்வாய்க்கிழமை பட்டியல் வெளியானது. மாரிச்செல்விக்கு ஸ்காலர்ஷிப். எனக்கு மெமோ. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். கண்டித்து ஒரு வரி என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. மே இருபத்தைந்து என்று எழுதியிருக்கும் அதே புத்தகத்தில்தான். அந்த வரி பொய்யில்லாத வரி என்பதால் எனக்கு அதன்மேல் வருத்தமில்லை.

ஏற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் மேஜைக்கு வந்தாள், அம்மா கதவோரமாகவே நின்றுவிட்டார். நான் எழுந்து போய், "உள்ளே வந்து இருங்க. சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். இசக்கியம்மாள் என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். மாரிச்செல்வி பேனாவை எடுத்தபடியே, "கழிச்சு, சார்" என்று மலையாளத்தில் பதில் சொன்னாள். சாப்பிட்டாகிவிட்டது என்று. அம்மா வாயைத் திறக்கவில்லை. கையெழுத்து முடிந்தது, இரண்டு பேரும் போனார்கள். வாசலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை எத்தனையோ அம்மா அப்பாக்கள் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தமிழ் பேசுகிறவர்களிடம் தமிழ் பேசினேன். அதை விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். பயந்துகொண்டு நம் ஆட்களிடம் கூடுதலாக முறைப்பு காட்டுவது நேர்மை இல்லை, அதுவும் ஒரு பாரபட்சம்தான். ஆனால் பேனா கையில் இருக்கும்போது தேவையில்லாததைக் கேட்கமாட்டேன். வீட்டு விஷயம் விசாரிக்கத் தோன்றினால் பேனாவை மூடி வைத்துவிடுவேன். அக்காவாகக் கேட்டதை அலுவலராக எழுத எனக்கு உரிமை இல்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது. செலவு என்னுடையது அல்ல.

நானும் ஒரு மே முப்பத்தொன்றாம் தேதிதான் ஓய்வு பெற்றேன். அன்றைக்கு எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி விழா. பிறந்த நாளும் இந்த மாதம்தானே என்று கேக் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.

மாரிச்செல்வி படிப்பை முடித்து இப்போது வேறு ஊரில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று பிஜு சொல்லித்தான் தெரியும். இசக்கியம்மாள் இன்னும் அதே கோடவுனில் இருக்கிறார். பஜார் ரோட்டில் மாதத்துக்கு ஒரு தடவையாவது எதிர்ப்படுவார். நான் நின்று, "எப்படி இருக்கீங்க? மாரிச்செல்வி எப்படி இருக்கா?" என்று தமிழில் கேட்பேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. மரியாதையாக ஒதுங்கி நிற்பார். "சுகம் தன்னெ, மேடம்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு நடப்பார்.